கொய்யா நிறச் சுவர்

எதிலும் மூக்கை நுழைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ராஜபாளையத்தில் எங்கள் வீட்டுக்கு பெயிண்ட் அடிக்க வந்த பாயிடமும் அந்தக் குணத்தைக் காட்டினேன். நான் வேலை பார்க்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பள்ளிக்கூடத்துக்கு எதிரே அவர் சின்னதாகக் கடை வைத்திருக்கிறார். பெயிண்ட் அடிப்பது, ஒழுகும் மொட்டைமாடியைச் சரிசெய்வது, உடைந்த டைல்ஸ் மாற்றுவது எல்லாம் அவரும் நாலு ஆட்களும்தான்.

அவர்கள் யாரும் பிரஷ்ஷைத் தெருச் சாக்கடையில் கழுவவில்லை. வாளியில் கழுவி, கசடு அடியில் தங்கியதும் தெளிந்த தண்ணீரை மறுநாள் கழுவ எடுத்து வைத்தார்கள். ஏன் இந்தப் பாடு என்று கேட்டேன்.

"சாக்கடை நேரா கண்மாய்க்குப் போகுதும்மா. அங்கதான மாடு தண்ணி குடிக்குது" என்றார் பாய்.

சுவருக்கு அடித்ததுபோக மிஞ்சிய மஞ்சளைப் பழைய நைலான் சேலையில் வடிகட்டி, கடையிலிருந்து கொண்டுவந்த ஒரு நீல டிரம்மில் ஊற்றினார். அதில் ஏற்கெனவே வேறு வீடுகளில் மிஞ்சியவை கிடந்தன. இது யாருக்கு என்றேன். "வேணுங்கிறவங்களுக்கு" என்றார். உடனே டிரம்மை மூடிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டார்.

விடுவேனா? சாயங்காலம் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரமெல்லாம் அவர் கடையில் போய் டிரம்மை எட்டிப் பார்த்தேன். ஒரு நாள் சாம்பல், ஒரு நாள் பாசிப் பச்சை. கடைசியில் செங்காய்க் கொய்யாவின் நிறத்தில் வந்து நின்றது. அடுத்த வாரம் டிரம் பாதிக்குமேல் குறைந்திருந்தது. அந்த நிறத்தை எங்கள் தெருவின் கடைசி வீட்டில் பார்த்தேன். எனக்குத் தினமும் பூக் கொடுக்கும் பூக்காரம்மாவின் வீடு அது. பாய் காசு வாங்காமல் அடித்துக் கொடுத்திருக்கிறார் என்று துப்பறிந்து கண்டுபிடித்துவிட்ட பெருமை எனக்கு.

அந்த வீட்டுக்கு பெயிண்ட் அடித்ததற்குக் காரணம் இருந்தது. பூக்காரம்மாவின் மகளைப் பெண் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து வருகிறார்கள். "நீங்களும் வந்து உக்காருங்க டீச்சர். எங்களுக்கும் ஒரு கவுரவமா இருக்கும்" என்று அழைத்தார். போனேன். காபி குடித்துக்கொண்டே மாப்பிள்ளையின் அத்தை சுவரைப் பார்த்து, "கலரு நல்லாருக்கே, எந்தக் கடையில வாங்குனிய?" என்றார்.

கேட்டது பூக்காரம்மாவை. பதில் சொன்னது நான். கடையில் கிடைக்காது, நாலைந்து வீட்டில் மிஞ்சியதைக் கலந்தது, இதில் எங்கள் வீட்டு மஞ்சளும் இருக்கிறது, வசதி இல்லாதவர்களுக்குப் பாய் காசு வாங்காமல் அடித்துக் கொடுக்கிறார் என்று சுவாரசியமாக விளக்கினேன். அத்தை டம்ளரைக் கீழே வைத்தார். பூக்காரம்மா தலை நிமிரவில்லை. கொஞ்ச நேரத்தில், சொல்லி அனுப்புகிறோம் என்று அவர்கள் எழுந்துவிட்டார்கள்.

சொல்லி அனுப்பவே இல்லை.

அவர்கள் வந்துபோன மறுநாள் காலை கூடை நிறைய மல்லிகையோடு வந்த பூக்காரம்மா, "இன்னைக்குப் பூ இல்ல டீச்சர்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அதற்கடுத்த நாளும் அப்படித்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. வகுப்பில் பிள்ளைகளிடம்கூட எரிந்து விழுந்தேன்.

நடந்ததைப் பாயிடம் சொன்னேன். அவர் கோபப்பட்டு அன்றுதான் பார்த்தேன். "அம்புட்டையும் சொல்லிட்டீங்களா? யாருக்குக் குடுக்கேன்னு எங்க வீட்டுலயே சொல்றதில்லம்மா."

அதே நிறத்தில் எங்கள் வீட்டு முன்சுவருக்கு அடிக்க முடியுமா என்று கேட்டேன்.

"இப்பதான மஞ்ச அடிச்சோம்" என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து டிரம்மைச் சாய்த்துப் பார்த்தார். "அடுத்த கலவைக்குன்னு வச்சிருந்தேன். முன்சுவருக்கு மட்டும் சரியாக் காணும். இத விட்டா இந்தக் கலரு மறுபடி வராது."

இரண்டு நாளில் அடித்து முடித்தார்கள். நல்லா இருந்த மஞ்சளை ஏன் கெடுத்தீர்கள் என்று தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் கேட்டார்கள். பூக்காரம்மா வீடு நன்றாக இருந்தது, அதைப் பார்த்துத்தான் அடித்தேன் என்றேன். இந்த ஒரு விஷயத்திலாவது வாயை அளந்து திறந்தேன்.

அடுத்த வாரம் பூக்காரம்மா எங்கள் வாசலில் நின்றார். சுவரை விரலால் தடவிப் பார்த்தார். கூடையை இறக்கி, நான் கேட்காமலே இரண்டு முழம் அளந்தார்.

"வெள்ளிக்கிழமை சிவகாசியிலேர்ந்து பொண்ணு பாக்க வாராங்க. நீங்களும் வரணும்."

"நானா?"

"நீங்கதான். கலரப் பத்திக் கேட்டா, டீச்சர் வீட்டுலயும் இதான்னு நான் சொல்லிக்கிடுவேன்" என்று பூவை என் கையில் வைத்தார். "நீங்க காபியை மட்டும் குடிங்க."