ஜாம் போத்தல் சொன்ன காலநிலை

எழுபத்தெட்டாம் ஆண்டு கார்த்திகை மாதம். மட்டக்களப்பு நகரில் ஒரு பெண்கள் பாடசாலையில் பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அந்த வருடம் என்றதும் எங்கள் ஊர்க்காரர் எல்லோருக்கும் சூறாவளிதான் நினைவுக்கு வரும். எனக்கு முதலில் நினைவுக்கு வருவது ஒரு ஜாம் போத்தல்.

பாடசாலையில் விஞ்ஞானக் கண்காட்சி வைக்க முடிவாகியிருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் திறப்பு. கல்விக் கந்தோரிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்து நாடா வெட்டுவார் என்று சொன்னார்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகள் மின்சார மணி, பற்றரி விசிறி என்று கொண்டுவந்து மண்டபத்தை நிரப்பினார்கள். ஒருத்தி போத்தலில் ஊறவைத்த தவளையை வைத்துவிட்டு, அது ஏதோ அவள் பெற்ற பிள்ளை மாதிரி யாரையும் கிட்ட விடாமல் காவல் நின்றாள்.

எனக்கும் என் கூட்டாளிக்கும் கதவோரத்தில் ஒரு சின்ன மேசைதான் கிடைத்தது. அவள் கல்லடிப் பாலத்துக்கு அந்தப்பக்கம், கடற்கரையோரம் ஓலை வீடுகள் உள்ள ஒரு மீன்பிடிக் கிராமத்துப் பிள்ளை. அப்பா தோணி வைத்து மீன் பிடிப்பவர். அவள் அதிகம் பேசமாட்டாள். ஆனால் கையில் எதைக் கொடுத்தாலும் அது ஒரு உருவத்துக்கு வந்துவிடும். எனக்கு வாய்த்தது வாயும் கையெழுத்தும் மட்டும்தான். ஆகவே அவள் செய்வது, நான் எழுதி ஒட்டுவது என்று பிரித்துக்கொண்டோம்.

நாங்கள் செய்தது ஒரு பாரமானி. காற்றின் அமுக்கம் கூடுவதையும் குறைவதையும் காட்டும் கருவி. வெறும் ஜாம் போத்தலின் வாயில் பலூன் தோலை இழுத்துக் கட்டி, காற்றுப் போகாமல் மெழுகு வார்த்து, தோலின் நடுவில் ஒரு தென்னை ஈர்க்கை ஒட்டினாள். ஈர்க்கின் நுனிக்கு எதிரே ஒரு கடதாசி மட்டை. அதில் மேலிருந்து கீழாக நான்தான் எழுதினேன்: நல்ல காலநிலை, மாற்றம், மழை, புயல். வெளியே அமுக்கம் குறைந்தால் போத்தலுக்குள் இருக்கும் காற்று தோலை மேலே தள்ளும். போத்தல் விளிம்பில் தாங்கிநிற்கும் ஈர்க்கின் நுனி கீழே சாயும். இவ்வளவுதான் சங்கதி. தவளைக்காரி வந்து பார்த்துவிட்டு, "இதென்னகா, ஊறுகாய்ப் போத்தலா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் கூட்டாளி குனிந்து மெழுகு விளிம்பைத் தடவிச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு அந்தப் போத்தல் வேலை செய்தே ஆகவேண்டும். அந்த வருடத்தோடு அவளுடைய படிப்பை நிறுத்துவதாக அப்பா சொல்லியிருந்தார். பெட்டைக்குப் படிச்சது காணும், இனிப் போதும், தையல் பழகட்டும் என்பது வீட்டில் பேச்சு. அவள் அழுது பார்த்திருக்கிறாள், சாப்பிடாமல் கிடந்து பார்த்திருக்கிறாள். கடைசியில் அவர், "நீ என்னதான் படிக்கிறாய் எண்டு வந்து பாக்கிறன், பாத்திட்டுச் சொல்லுறன்" என்று ஒரு வார்த்தை கொடுத்திருந்தார். கண்காட்சி நாளில் வருவதாக இருந்தது. கல்விக் கந்தோர்ப் பெரியவரைப் பற்றி எங்களுக்கெல்லாம் பயம். அவளுக்கு அந்த ஒரு மனிதரைப் பற்றித்தான் பயம்.

திறப்புக்கு முதல்நாள், மேசைகளை அடுக்கி மினுக்கும் நாள். காலையில் ஈர்க்கு 'மாற்றம்' என்ற இடத்தில் ஒழுங்காக நின்றது. வெளியே மழை விட்டுவிட்டுத் தூறியது. கார்த்திகையில் மழை பெய்யாமல் வேறென்ன செய்யும் என்று யாரும் அதைப் பார்க்கவே இல்லை. மதியத்துக்குப் பிறகு ஈர்க்கு 'மழை'க்கு இறங்கியது. எங்களுக்கு ஒரே சந்தோஷம். மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினோம். கொஞ்ச நேரத்தில் அது 'புயலை'யும் தாண்டி மட்டைக்குக் கீழே போய்விட்டது.

எங்கள் முகம் செத்துப்போனது. விஞ்ஞான ரீச்சர் வந்து விரலால் மெல்லத் தட்டிப் பார்த்தார். நல்ல மனுசி, எங்களுக்காகவே அந்தப் பின்னேரம் வீட்டுக்குப் போகாமல் நின்றவர்.

"பலூன் தளர்ந்து போச்சு புள்ள. வேற கட்டுங்க."

திருவிழாவில் வாங்கிய மிச்சப் பலூன் ஒன்று இருந்தது. அவள் பழையதைப் பிரித்து, புதியதை இழுத்துக் கட்டி, மறுபடி மெழுகு வார்த்தாள். ஈர்க்கு மேலே வந்து நின்றது. அப்பாடா என்று நான் மண்டப வாசலில் தோரணம் கட்டுகிறவர்களிடம் போய் வாயடித்துவிட்டுத் திரும்பினேன். அதற்குள் நுனி மறுபடியும் மட்டைக்குக் கீழே போயிருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டு ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் ஏதோ பிழையாச் செஞ்சிட்டன்கா" என்றாள்.

அந்த மண்டபத்தில் அத்தனை பேர் இருந்தோம். காற்று ஜன்னல் கதவுகளைப் படார் படாரென்று அடித்துக்கொண்டிருந்தது. தோரணத்தைக் கட்டக் கட்ட அறுத்தது. யாரோ எழுந்து ஜன்னல்களுக்குக் கொண்டி போட்டார்கள். அந்தக் காற்றையும் இந்த ஈர்க்கையும் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ஜாம் போத்தலும் பலூனும் ஒரு மீன்காரர் மகளும் சேர்ந்து சொல்வது பிழையாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் ஒரே மனதாக நினைத்தோம். அவளும் அப்படித்தான் நினைத்தாள்.

மட்டையைக் கீழே இறக்கி ஒட்டலாம் என்ற யோசனை ரீச்சருடையது. "நாளைக்கு வாறவர் பார்க்கக்குள்ள ஒழுங்கா நிண்டாக் காணும். பிறகு ஆறுதலாத் திருத்துவம்." மழை என்று காட்டினால் திறப்புவிழாவுக்கு அபசகுனம் மாதிரி இருக்கும் என்று, ஈர்க்கு 'நல்ல காலநிலை'யில் நிற்கும்படியே இறக்கினோம். மாப்பசை பூசியது நான். அவள் மட்டையை நேராகப் பிடித்துக்கொண்டாள்.

பசை காயுமுன்னே அவளுடைய அப்பா வாசலில் நின்றார். சைக்கிளில் பாலம் தாண்டி வந்திருந்தார். சாக்கைத் தலையில் முக்காடு போட்டு, முழுக்க நனைந்து, மண்டபத்துக்குள் சேற்றுக்காலோடு வரலாமோ என்று தயங்கி நின்றார்.

"காத்து ஒரு மாதிரிக் கிடக்கு. புள்ளையப் பாத்திட்டுப் போவம் எண்டு வந்தன்."

அன்று இரவு அவள் எங்கள் வீட்டில் தங்குவதாக முன்பே பேச்சு. எங்கள் வீடு பாடசாலைக்குப் பக்கத்தில், கல்வீடு. அதைச் சொன்னதும் அவருக்கு நிம்மதி. பிறகு அவர் பார்வை மேசைக்குப் போனது.

"இதா உன்ட மிசின்?"

"ஓமப்பா."

"வேலை செய்யுதா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் ரீச்சரைப் பார்த்தேன். ரீச்சர் சிரித்துக்கொண்டு தலையசைத்தார்.

"செய்யுதப்பா."

"என்ன எழுதியிருக்கு? என்ன சொல்லுது?" அவருக்கு வாசிக்கத் தெரியாது.

"நல்ல காலநிலை எண்டு சொல்லுது."

அவர் வெளியே பார்த்துச் சிரித்தார். "மழை இந்தத் தட்டுத் தட்டுது. இதா நல்ல காலநிலை?"

"இது இண்டையானதச் சொல்லாதப்பா. இனி வாறதத்தான் சொல்லும்."

அவர் குனிந்து அந்த ஈர்க்கைப் பார்த்தார். கை நீட்டியவர், ஈரக்கை என்று இழுத்துக்கொண்டார். போத்தலைச் சுற்றிவந்து மெழுகையும் நூல் முடிச்சையும் பார்த்தார். வலை முடிகிறவர் அல்லவா, முடிச்சைப் பார்த்ததும் அவருக்குப் பிடித்துவிட்டது என்று நினைக்கிறேன்.

"நீயா கட்டினாய்?"

"ஓமப்பா."

"சரி. படி. அம்மாக்கிட்ட நான் சொல்லுறன்."

சொல்லிவிட்டுச் சாக்கைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு போய்விட்டார். இவள் என் கையைப் பிடித்த பிடியில் என் வளையல் உடைந்தது. அவள் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பிறகும் பார்த்ததில்லை.

அந்த இரவைப் பற்றிப் பலர் எழுதிவிட்டார்கள். நான் எழுதப்போவதில்லை. எங்கள் ஓடுகள் போயின, குசினிச் சுவர் விழுந்தது, சாப்பாட்டு மேசைக்குக் கீழே எல்லோரும் ஒருவர் மேல் ஒருவராகக் கிடந்தோம். காற்றின் இரைச்சலில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. ஒரே ஒரு தடவை அவள் என் காதுக்குள் வாயை வைத்து, "இப்ப ஈர்க்கு எங்க நிக்கும்?" என்று கேட்டாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. போத்தல் பிழை செய்திருக்கவில்லை.

விடிந்ததும் என் அப்பா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு அவளுடைய ஊருக்குப் புறப்பட்டார். தெரு என்று ஒன்று இல்லை. விழுந்த மரங்களின் மேலால் ஏறி ஏறிப் போனோம். பாலத்தில் நின்று பார்த்தபோது அந்தக் கரையில் தென்னந்தோப்பு இருந்த இடத்தில் வெறும் வானம் தெரிந்தது. அவளுடைய ஊரில் ஓலை வீடு ஒன்றுகூட நிற்கவில்லை. கல்லால் கட்டிய மாதா கோயிலின் கூரை மட்டும் போய்ச் சுவர்கள் நின்றன. அதற்குள் ஒதுங்கியிருந்த சனம் அவ்வளவும் உயிரோடு வெளியே நின்றது.

அவளுடைய அம்மாவும் இரண்டு தம்பிமாரும் கோயிலில் இருக்கவில்லை. கவிழ்த்துப்போட்ட தோணிக்கு அடியில் கிடந்து தப்பியிருந்தார்கள். வீடு சரியத் தொடங்கியதும் அப்பா அவர்களை அங்கே கொண்டுபோய்த் தள்ளிவிட்டு, அரிசிப் பானையை எடுத்துவரத் திரும்ப ஓடியிருக்கிறார். தென்னை அவர்மேல் விழுந்தது. நாங்கள் போனபோது, பாய்த்துணி ஒன்றால் மூடிக் கோயில் முற்றத்தில் கிடத்தியிருந்தார்கள். முதல்நாள் முக்காடு போட்டிருந்த சாக்கு எங்கே போனதோ தெரியாது. அவள் அழவில்லை. காலடியில் போய் உட்கார்ந்து, சேறு படிந்த பாதங்களைத் தன் பாவாடையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். அந்தச் சேறு எங்கள் மண்டபத்துக்குள் வரத் தயங்கிய சேறு என்று எனக்குத் தோன்றியது. நான்தான் அழுதேன்.

எங்கள் பாடசாலை அகதிகள் முகாமானது. மண்டபத்தின் கூரை எங்கள் மேசைகளின் மேல் கிடந்தது. நிற்கும் வகுப்பறைகளில் சனங்களை வைத்தார்கள். அவளும் அம்மாவும் தம்பிமாரும் எங்கள் வகுப்பறையிலேயே ஒரு மூலையில் இருந்தார்கள். ரீச்சர் துக்கம் விசாரிக்க வந்தபோது நானும் கூட நின்றேன். அம்மா ரீச்சரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"பக்கத்துச் சனமெல்லாம் கோயிலுக்குப் போவம் எண்டு வெளிக்கிட்டதுகள் ரீச்சர். றேடியோவில ஏதோ சொன்னதாம். எங்களையும் கூப்பிட்டதுகள். இவருதான் மறிச்சாரு. 'என்ட மகள் ஒரு மிசின் செஞ்சிருக்கா. நாளைக்கு வானம் வெளிச்சிரும் எண்டு அது சொல்லுது, நான் கண்ணால பாத்திட்டு வாறன். ஏன் புள்ளைகள மழைக்குள்ள இழுக்கிறாய்' எண்டாரு. அவளப் படிக்க வைக்கோணுமாம். சோறு தின்னக்குள்ளயும் அந்தக் கதைதான். அவருக்கு என்ன பெருமை ரீச்சர்!"

யாரையும் குற்றம் சொல்லும் குரல் அல்ல அது. புருசனைப் பற்றிக் கடைசியாக ஒரு நல்ல செய்தி சொல்கிற குரல். ரீச்சரின் முகம் வெளிறிப்போனது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் கூட்டாளி நிமிர்ந்து அவரைப் பார்த்து, வேண்டாம் என்று மெல்லத் தலையாட்டினாள். ரீச்சர் அப்படியே அடங்கிவிட்டார். அந்த வயதுப் பிள்ளைக்கு அந்தப் பாரத்தைத் தனியே தூக்கிவைத்துக்கொள்ளும் தைரியம் எங்கிருந்து வந்ததோ, எனக்கு இன்னும் தெரியாது.

பிறகு கிணற்றடியில் வைத்து ஒருநாள் என்னிடம் மட்டும் சொன்னாள். "கடையில வாங்கினதெண்டா நான் நம்பியிருப்பன்கா. நான் செஞ்சதுதானே எண்டு விட்டுட்டன்." அவ்வளவுதான். அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசியதில்லை.

அவள் படித்தாள். அப்பா 'படி' என்று சொன்னவர் என்று அம்மா விடாப்பிடியாக நின்று படிக்க வைத்தார். ஆனால் விஞ்ஞானம் எடுக்கவில்லை. இப்போதும் அவள் வீட்டுக்குப் போனால், வயதாகிப்போன அந்த அம்மா வருகிறவர் போகிறவருக்கெல்லாம், என்ட மகள் அந்தக் காலத்திலேயே மிசின் செஞ்சவ என்று தொடங்கிவிடுவார். அவள் தேத்தண்ணீர் போடுகிற சாட்டில் எழுந்து குசினிக்குள் போவாள். நானும் பின்னால் போய்ப் பக்கத்தில் நிற்பேன். இருவரும் கொதிக்கிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்போம்.

எங்கள் கண்ணுக்கு அது ஊறுகாய்ப் போத்தலாகத் தெரிந்தது, அவள் கண்ணுக்கும் அப்படித்தான். எழுத்துத் தெரியாத அந்த ஒரு மனிதர்தான் அதைக் கருவி என்று முழுதாக நம்பினார். அதனால்தான் இன்றுவரை, ஈர்க்கு கீழே போனால் கீழே போகிறது என்றுதான் சொல்வேன், யார் முகம் கறுத்தாலும் மட்டையை இறக்கி ஒட்டமாட்டேன். நான் சொல்வதை அப்படியே நம்பி வீட்டுக்குக் கொண்டுபோக ஒருவர் நனைந்துகொண்டு வாசலில் நிற்கக்கூடும்.