ஒரு சிடி, ஏழு கம்ப்யூட்டர், தேசிங்கின் பாயிண்ட்

'இந்தக் காலத்துல யாராவது சிடி வெச்சுக்கிட்டு அலைவாங்களா?' - என் பையைப் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்கும் கேள்வி. இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. கேளுங்கள்!

ராயபுரத்தில் பர்வீன் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டருக்கு ஜெராக்ஸ் எடுக்கப் போனேன். மத்தியானம் ஒரு மணி. பழைய லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு தேசிங்கு உட்கார்ந்திருந்தார். காசிமேட்டில் சொந்தப் படகு வைத்திருப்பவர், எனக்குப் பல வருஷப் பழக்கம். முகம் செத்துப்போயிருந்தது.

"விண்டோஸ் தொறக்க மாட்டேங்குது சார். கடைல ஃபார்மட் அடிக்கணும்றான். அடிச்சா என் பாயிண்டெல்லாம் பூடும்."

பாயிண்ட் என்றால், கடலடியில் மீன் கூடும் பாறைகளின் ஜிபிஎஸ் எண்கள். இருபது வருஷம் கடலில் அலைந்து சேர்த்தது. மீன்பிடித் தடைக்காலத்தில் படகுக்குப் புது ஜிபிஎஸ் வாங்கி, பழையதில் இருந்த எண்களை இந்த லேப்டாப்பில் ஏற்றிவிட்டு, அதை விற்றிருக்கிறார். விற்கும் முன்...

"மொத்தத்தையும் அழிச்சிட்டுத்தான் குட்தேன். வாங்கனவன் என் எடத்துல வந்து நின்னுட்டா இன்னா பண்றது?"

வேறு யாரிடமும் காப்பி இல்லையா?

"கூடப் பொறந்தவனுக்கே சொன்னதில்ல சார்!"

தடைக்காலம் முடிந்து முதல் பயணம். மாலை நாலு மணிக்குப் படகு கிளம்ப வேண்டும். ஐஸ் ஏற்றியாகிவிட்டது. எங்கே போவது என்பதுதான் இவருக்கே தெரியாது.

பையிலிருந்து லினக்ஸ் லைவ் சிடியை எடுத்தேன். விண்டோஸுக்குப் பதிலான ஆபரேட்டிங் சிஸ்டம் முழுதும் அந்தத் தட்டிலேயே இருக்கும். ஹார்ட் டிஸ்க்கின் தயவே இல்லாமல் கம்ப்யூட்டர் எழுந்துவிடும். எழுந்தது! ஃபைலும் பத்திரமாக இருந்தது. தேசிங்கு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

சந்தோஷம் ஐந்து நிமிஷம்தான். ஃபைல் பழைய வடிவத்தில் இருந்தது, புது ஜிபிஎஸ் அதை ஏற்காது. மாற்றித் தரும் மென்பொருள் நெட்டில் கிடைத்தது - ஆனால் வெறும் சோர்ஸ் கோடாக. அதைக் கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றி, அதாவது கம்பைல் செய்தால்தான் ஓடும். அந்தக் கிழட்டு லேப்டாப்பில் அதற்கு மூன்று மணி நேரமாவது ஆகும். மணியோ ஒன்றரை.

"பர்வீன், உன் ஆறு சிஸ்டத்தையும் கொஞ்சம் குடும்மா."

"ஐயோ அண்ணா, சாயங்காலம் கிளாஸ் கீது. எதுனா ஆயிட்சின்னா?"

"ஆஃப் பண்ணினா எல்லாம் பழையபடி ஆயிடும். சத்தியமா!"

ஒரே சிடி. ஒரு கம்ப்யூட்டரில் போட்டு, மெமரியில் ஏற்றி, வெளியே எடுத்து, அடுத்ததில் போட்டேன். ஏழிலும் ஒரே லினக்ஸ், ஒரே கம்பைலர். வேலையைத் துண்டு போட்டு ஏழுக்கும் பிரித்துவிட்டேன். ஏழு ஃபேனும் சேர்ந்து இரைய ஆரம்பித்தன.

"எல்லாரும் கூடி வலை இழுக்கிற மாறி கீது சார்!" என்றார் தேசிங்கு.

ரெண்டே முக்காலுக்கு முடிந்தது. நான் நாற்காலியிலிருந்து துள்ளிக் குதித்தேன். இந்த வயதில் குதிக்கக் கூடாதா என்ன?

ஃபைலை மாற்றப் போகிற நேரத்தில் ஸ்கிரீன் மேல் ஒரு துண்டு வந்து விழுந்தது. தேசிங்கின் தோளில் கிடந்த துண்டு!

"தப்பா நெனச்சுக்காத சார். நம்பர் தெரியும்ல..."

காப்பாற்றுகிறவனிடமே ரகசியமா? கோபம் வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. துண்டைப் பார்த்துக்கொண்டே கமாண்டை அடித்தேன். அவர் துண்டுக்குள்ளே எட்டிப் பார்த்து, "வந்துட்சி சார், அத்தனியும் வந்துட்சி" என்றார். மெமரி கார்டில் ஏற்றிக் கொடுத்தேன்.

அப்புறமும் போகவில்லை. "இந்த மிசினுங்கள்ல என் பாயிண்ட் தங்கிடாதா?"

"ஆஃப் பண்ணினா அதுங்களுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது."

ஏழு கம்ப்யூட்டரையும் தன் கையாலேயே ஆஃப் செய்துவிட்டு ஓடினார். தன் ஆறு கம்ப்யூட்டரிலும் விண்டோஸ் பழையபடி திறந்ததைப் பார்த்த பிறகுதான் பர்வீனுக்கு மூச்சு வந்தது.

ஒரு வாரம் கழித்து என் வீட்டு வாசலில் தேசிங்கு. கையில் முழு வஞ்சிரம், முகமெல்லாம் சிரிப்பு.

"அடேயப்பா! எங்கே பிடிச்சீங்க?" என்றேன், ஒன்றும் தெரியாதவன் போல.

"கடல்ல சார்."