கணக்கில் தோற்காத விஞ்ஞானி

இன்று மரக்காணம் பேருந்தில், என் பக்கத்து இருக்கையில் ஓர் உப்பளத் தொழிலாளியும், பத்தாம் வகுப்பில் கணக்கில் தவறிய அவர் மகளும்.

"மறுபடி பரீட்சைலாம் வேணாம். மழை வர்றதுக்குள்ள உப்பு வாரணும். நாளைக்கு அம்மாகூட வந்துடு."

"நாக்கை நீட்டிக்கினு போட்டோல இருப்பாரே, அந்த சயின்டிஸ்டே கணக்குல ஃபெயிலுப்பா!"

அவர் என்னிடம் திரும்பினார். "படிச்சவங்களாட்டம் இருக்கீங்க. நெஜமாம்மா?"

அந்த விஞ்ஞானி பதினைந்து வயதிலேயே கால்குலஸ் கற்றவர். அந்தப் பெண் என் வாயையே பார்த்தாள்.

"ஆமாங்க. ஃபெயில்தான்."

மகள் பக்கம் திரும்பினார். "சரி, எழுதித் தொலை."

அவர் முதலில் இறங்க, அவள் என் காதருகே குனிந்தாள். "அந்த சயின்டிஸ்ட் கணக்குல புலின்னு எனக்கும் தெரியும்க்கா. அப்பாகிட்ட சொல்லிடாதீங்க."

திட்டுகிறவர்கள் தாராளமாகத் திட்டலாம். நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.