ஒரே முகவரியில் ஊருக்கொரு பெட்டி

தில்லி முனிர்காவில் நான் முதலில் போட்டது டெலிபோன் பூத். பிறகு ஜெராக்ஸ். பிறகு மாடியில் நம் ஆட்களுக்கு வாடகை அறைகள், கீழே சாம்பார் கிடைக்கும் மெஸ். எட்டாவதைத் தாண்டாதவன், இந்தி தெரியாமல் ரயிலிறங்கியவன், வீட்டுக்காரரிடம் கைஜாடையிலேயே கடை பேசி முடித்தவன். இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். ஒரு கம்ப்யூட்டர் சாப்ட்வேரிலும் என் கைவேலை உண்டு என்பதுதான் தெரியாது. அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் பூத்துக்குள்ளேயே ஒரு கம்ப்யூட்டர் வைத்தேன். இன்டர்நெட் அப்போது டெலிபோன் லைன் வழியாகத்தான் வரும். அது ஓடும்வரை போன் பேசக் காத்திருப்பவர்கள் என்னை முறைப்பார்கள். ஜனக்புரியில் பிறந்து வளர்ந்த ஒரு தமிழ் இன்ஜினீயர் இதற்கு வழி கொண்டுவந்தார். அவரே எழுதிய சாப்ட்வேர். லைன் கிடைத்ததும் மெயில்களையும், உலகத்தில் பலரும் எழுதிப்போடும் நியூஸ்குரூப் சமாச்சாரங்களையும் அள்ளிக்கொள்ளும். லைனை வெட்டிவிட்டு நிதானமாகப் படிக்கலாம், பதில் எழுதி வைக்கலாம். அடுத்த முறை அவை போய்ச் சேரும். நல்ல வேலைதான். ஆனால் கடை நடத்துகிறவன் கண்ணில் படும் குறை ஒன்று இருந்தது.

என் கடையில் மெயில் முகவரி ஒன்றுதான். மாடியில் இருந்த அத்தனை பேருக்கும் அதே. யாருக்கு வந்தது என்று தெரிய, தலைப்பின் முதல் வார்த்தையாக ஆளின் ஊரைப் போட வேண்டும் என்பது நான் வைத்த சட்டம். தேனி, கடலூர், காரைக்குடி. மாடியிலும் ஒருவரையொருவர் ஊர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். சாப்ட்வேரோ எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டியது. கிரிக்கெட் நியூஸ்குரூப் சண்டைகளுக்கு அடியில் கடலூர்க்காரரின் இன்டர்வியூ மெயில் புதைந்து, தேதி போன பிறகுதான் கண்ணில் பட்டது. அவர் சில நாள் மெஸ்ஸுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

தலைப்பின் முதல் வார்த்தையைப் பார்த்து ஊருக்கொரு பெட்டியில் பிரித்துப்போடு என்று இன்ஜினீயரிடம் கேட்டேன்.

"அங்கிள், ஒரு அட்ரஸ்னா ஒரு ஆள்தான். எங்கயும் அதான் ரூல்."

"தம்பி, இந்தக் கட்டடத்துக்கு வாசல் ஒண்ணுதான். அதுக்காக எல்லாரையும் ஒரே ரூம்லயா படுக்க வெச்சிருக்கேன்?"

சிரித்தார். குறைநிறைகளைச் சொல்லத் தன் சாப்ட்வேருக்கென்றே ஒரு நியூஸ்குரூப் இருப்பதாகவும், அதில் எழுதிப்போடும்படியும் சொன்னார். நான் தமிழில் சொல்லச் சொல்ல, கடலூர்க்காரரே ஆங்கிலத்தில் தட்டினார். கடைசியில் கையெழுத்து போடும் இடம் வந்தது.

"அண்ணே, உங்க ஊர் என்ன போடட்டும்?"

பிறந்த ஊர் எனக்குக் கொடுத்தது ஒன்றுமில்லை. முனிர்கா என்று போடச் சொன்னேன்.

அடுத்த வெர்ஷனில் பெட்டிகள் வந்துவிட்டன. தேனி தேனிக்குள், கடலூர் கடலூருக்குள். வீடு முழுவதற்கும் ஒரே முகவரி வைத்திருந்த வெளிநாட்டுக் குடும்பங்கள்கூட நன்றி எழுதியதைக் கடலூர்க்காரர் படித்துக் காட்டினார். கூடவே, சாப்ட்வேருக்குள்ளேயே போட்டிருந்த, யோசனை சொன்னவர்களின் பட்டியலையும் படித்தார். மற்ற எல்லாருக்கும் முழுப்பெயர். ஓர் இடத்தில் மட்டும், முனிர்கா.

முனிர்கா என்றால் நாமெல்லாரும்தானே என்று மாடியில் ஆளாளுக்குச் சொந்தம் கொண்டாடினார்கள். எதிர்ச் சந்தில் குடியிருந்த ஒருவர், யோசனை தன்னுடையது என்று டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தாராம். உடனே இன்ஜினீயருக்கு போன் போட்டேன்.

"நீங்கதானே அங்கிள் அப்படி எழுதினீங்க?" என்றவர், கொஞ்சம் தயங்கி, "சச்சி பாத், உண்மையைச் சொன்னா உங்க பேர் எனக்குத் தெரியாது," என்றார்.

ஜனக்புரிக்கு அங்கிள், மாடிக்கு அண்ணே, தெருவுக்கு மதராஸி பாய்சாப். பெயரைக் கேட்டவர் யாருமில்லை. அன்று எழுத்துக்கூட்டிச் சொன்னேன். அச்சா, அடுத்த வெர்ஷனில் மாற்றிவிடுகிறேன் என்றார்.

அடுத்த வெர்ஷன் வரவேயில்லை. ஆளுக்கொரு முகவரி வந்தது, என் கடையிலும் லைனை வெட்டும் அவசியம் போயிற்று. பழைய சாப்ட்வேரை இன்னமும் சிலர் இறக்கிக்கொள்கிறார்களாம். அப்படியானால் அந்தப் பட்டியலும் அப்படியேதான் இருக்கும்.

இன்ஜினீயர் தம்பி, உங்களுக்குத் தமிழ் படிக்க வராது. யாராவது படித்துச் சொல்லட்டும். பெட்டி கேட்டவன் நான். முனிர்காவை எடுத்துவிட்டு என் பெயரைப் போடுங்கள், இனிஷியலோடு.