மஞ்சளுக்குள் இருக்கும் பச்சை

தேயிலை பச்சை இல்லை. ஊட்டியில் ஒரு ஸ்டுடியோவில் ஒன்பது வருடமாகப் படங்களுக்கு நிறம் திருத்துகிறவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். எங்கள் மென்பொருளில் ‘செலக்டிவ் கலர்’ என்று ஒன்று உண்டு. படத்தில் இருக்கிற ஒரே ஒரு நிறத்தைப் பிடித்து, மற்றதைத் தொடாமல், அதை மட்டும் மாற்றலாம். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் தேயிலைப் படத்தைத் திறந்ததும் பச்சையைத் தேர்ந்தெடுத்து இழு இழு என்று இழுப்பார்கள். பெரிதாக ஒன்றும் ஆகாது. கேமரா பார்க்கிற தேயிலையில் பாதிக்கு மேல் மஞ்சள்தான். மஞ்சளைப் பிடித்து, அதில் சயான் என்கிற நீலப்பச்சையை ஏற்ற வேண்டும். அப்போதுதான் நீங்கள் வந்து வாயைப் பிளக்கிற நீலகிரி வரும்.

எங்கள் முதலாளிக்கு அதுவும் போதாது. ரிசார்ட்காரர்கள் கொண்டுவரும் படத்தில் செம்மண், காய்ந்த கிளை, சிவந்த இலை எதுவும் கண்ணில் படக்கூடாது. “இங்க வர்றவன் பச்சையப் பாக்கத்தான் வர்றான். மண்ணு அவனூர்லயே இருக்குது” என்பார். அதனால் மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்துப் பச்சையாக்கும் திருத்தத்தை ஒரே விசையில் பதிந்து வைத்தேன். எஃப் ஐந்து. தட்டினால் பட்ட கட்டையும் தளிர்த்துவிடும். ஆள் இருக்கிற படமென்றால் முகத்தை மட்டும் விலக்கிவிட்டுத் தட்ட வேண்டும், இல்லையென்றால் மணப்பெண்ணும் பச்சையாகிவிடுவாள். தட்டித் தட்டி அந்த விசையின் எழுத்தே அழிந்துபோயிற்று.

இதற்காகத்தான் என் அண்ணன் என்னை “பொய்யில பொழைக்கறவன்” என்று ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தான். கேத்திப் பள்ளத்தில் அப்பா விட்டுப்போன முக்கால் ஏக்கர் தேயிலை எங்களுடையது. அப்பா போன பிறகு, பத்துப் பேர் முன்னால், “கம்ப்யூட்டர் தட்டறவனுக்கு எதுக்குத் தோட்டம்?” என்று கேட்டான். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. வைத்துக்கொள் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். இரண்டு வருடம் பேச்சில்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசையில் அவன் வலது வரிசை, நான் இடது வரிசை. ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லச் சொல்லிச் சாமியார் கேட்கும்போது நான் தூணைப் பார்த்துக் கும்பிடுவேன்.

போன பனிக்காலத்தில் கேத்தியில் உறைபனி கொட்டியது. பள்ளத்துத் தேயிலை வெந்நீர் ஊற்றியதுபோல் கருகியது. கருகிய செடியைக் கிளை கழித்துக் கவாத்து வெட்டிவிட்டால் மறுபடி இலை பறிக்க மாதக்கணக்கில் ஆகும். அதுவரை அண்ணன் வீட்டுக்கு அரசாங்க நிவாரணத்தை விட்டால் வேறு வழியில்லை. அதற்கு, கருகின தோட்டத்தின் படங்களை அச்சுப் போட்டு மனுவோடு வைக்க வேண்டும்.

மனு கொடுக்கக் கடைசி நாள் மத்தியானம் அண்ணி மூச்சு வாங்க வந்து போனை நீட்டினார். “தம்பி, இதுல பன்னெண்டு படம் இருக்குதுங்க. வெரசாப் போட்டுக் குடுங்க. ஆபீசு மூடிருவாங்க.” அதோடு நிறுத்தியிருக்கலாம். “உங்ககிட்ட வர வேண்டாம்னுதான் அவரு சொன்னாருங்க. கீழ்க்கடையில மெஷினு ரிப்பேருங்க, அதான்” என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எதற்குப் படம் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. படங்களை ஏற்றினேன், வரிசையாக எஃப் ஐந்து தட்டினேன், பிரிண்டருக்கு அனுப்பினேன், உறையில் போட்டு ஒட்டி மேஜைமேல் வைத்தேன். கையில்கூடக் கொடுக்கவில்லை. அண்ணி பிரித்துப் பார்க்காமல் பஸ்ஸுக்கு ஓடினார்.

நாலாம் நாள் அண்ணன் கடைக்கு வந்தான். முதலாளி, வாடிக்கையாளர் எல்லோர் முன்னாலும் அந்த உறையை என் மேஜைமேல் விசிறியடித்தான். எங்கள் தோட்டம் மழை பெய்து ஓய்ந்த தோட்டமாகப் பன்னிரண்டு படத்திலும் பளபளத்தது. இவ்வளவு செழிப்பான தோட்டத்துக்கு எதுக்குங்க நிவாரணம் என்று ஆபீசில் சிரித்தார்களாம்.

திருத்தாத படங்களை அச்சுப் போட்டுக்கொண்டு அவனோடு நானும் போனேன். ஒரே பஸ், வேறு வேறு சீட்டு. அதிகாரி இரண்டு கட்டுப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ரசித்துப் பார்த்தார். அந்த ஆளை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

“ஒரே செடி, ஒரே பாறை. இதுல எதுங்க கலர் மாத்துனது?”

“பச்சையா இருக்கறதுங்க சார்.”

“நீங்க என்ன வேல பண்றீங்க?”

“படத்துக்குக் கலர் திருத்தறேனுங்க.”

“நீங்க இவருக்கு என்ன உறவு?”

“தம்பிங்க.”

அவர் எல்லாப் படத்தையும் ஒன்றாகச் சேர்த்து எங்கள் பக்கம் தள்ளிவிட்டார். போனில் இருந்த படத்தைக் காட்டினோம். “போன்லயே இப்ப எல்லாம் பண்றாங்களே” என்றார். நேரில் வந்து பாருங்கள் என்றால், அங்கே என்ன இருக்கிறது? மனு கொடுத்த மறுநாளே அண்ணன் எல்லாவற்றையும் கவாத்து வெட்டிவிட்டான். கருகின கிளையெல்லாம் அடுப்புக்குப் போய்விட்டது. மனு திரும்பி வந்தது.

பஸ் ஸ்டாண்டில் அண்ணன் இரண்டு வருடத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசினான். “ஒண்ணே ஒண்ணு சொல்லு. பாக்காமத் தட்டுனயா, பாத்துட்டுத் தட்டுனயா?”

“பாத்துட்டுத்தான் தட்டுனேன்” என்றேன்.

அடிப்பான் என்று நினைத்தேன். “நல்லா இருடா” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கேத்தி பஸ்ஸில் ஏறிவிட்டான்.

நான் சொன்னதில் பொய் இல்லை. முதல் படம் திரை நிறைய விரிந்து கிடந்தது. அப்பா கவாத்துக் கத்தி தீட்டுகிற பாறை அதன் ஓரத்தில் இருந்தது. அந்தச் செடிகளுக்கு நடுவில்தான் நான் நடக்கவே பழகினேன். பார்த்தேன். என் மனதில் ஓடியது இரண்டே வார்த்தை: மஞ்சள் ஜாஸ்தி. தட்டினேன். பச்சை வந்ததும், நன்றாக வந்திருக்கிறது என்றுகூட நினைத்துக்கொண்டேன். என் பகை, அண்ணியிடம் எதுவும் கேட்காததிலும் உறையைக் கையில் கொடுக்காததிலும்தான் இருந்தது. அந்த விசையில் இல்லை.

வேண்டுமென்றே செய்தான் என்று அவன் சாகும்வரை திட்டட்டும். பனியில் கருகின எங்கள் தோட்டத்தைப் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை என்று அவனிடம் சொல்ல மாட்டேன். சொன்னால், அன்றைக்குப் பத்துப் பேர் முன்னால் அவன் கேட்டது சரி என்று ஆகிவிடும்.