ஒரு டஜனில் பதினொன்று

சிவப்பு அட்டை போட்ட ஒரு சின்ன நோட்டு. காஜா பேராங் தெரு ஜவுளிக்கடை முதலாளியை நினைத்தாலே அதுதான் முதலில் கண்ணுக்கு வருகிறது. கணக்கு நோட்டு அல்ல. வந்தவர்கள் கேட்டு, கடையில் இல்லாமல் போன துணிகளை அவர் அதில் குறித்து வைப்பார். நான் அப்போது ஒரு சிங்கப்பூர் மொத்த ஜவுளிக் கம்பெனிக்கு ஆர்டர் எடுப்பவன். மாதம் ஒரு முறை மலாக்காவில் பஸ்ஸை விட்டு இறங்கி அவர் கடைக்குள் நுழைந்தால் கோப்பி வரும், பின்னாலேயே அந்த நோட்டும் வரும். அதைப் பார்த்து எழுதிக்கொள்வதுதான் என் வேலை. அவ்வளவு சுலபமான வாடிக்கைக்காரர் எனக்கு வேறு யாரும் கிடையாது.

கேட்டு வந்தவரிடம் 'இல்லை' என்று சொல்வதில்லை என்பது நம் கடைக்காரர்கள் பலருக்கும் உள்ள வழக்கம். மற்றவர்கள் "நாளைக்கு வரும்" என்று சமாளித்துவிட்டு மறந்துபோவார்கள். இவர் மறக்க மாட்டார். அதுதான் வினை. "வாயத் தொறந்து இல்லன்னு சொன்னா லட்சுமி வாசலோட திரும்பிப் போயிருவா தம்பி" என்பார்.

ஒரு முறை நான் இருக்கும்போதே கம்போங் செட்டி என்ற குடியிருப்பிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். செட்டி மக்கள் சாமி கும்பிடுவது நம்மைப் போலத்தான், பேச்சு மட்டும் மலாய். முன்னோருக்குப் படைக்கும் நாளில் உடுத்திக்கொள்ள, வெங்காயத் தோல் நிறத்தில் ஒரு பாத்தேக் சாரோங், பூ அச்சுப் போட்ட கைலி, வேண்டும் என்றார். அப்படி ஒன்று கடையில் இல்லை. "மிங்கு டெப்பான் ஆடா, நோன்யா" என்று, அடுத்த வாரம் இருக்கும் என முதலாளி கூசாமல் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். எங்கள் கம்பெனி டஜனுக்குக் குறைந்து அனுப்பாது. "ஒரு டஜன் போட்டுக்குங்க தம்பி" என்றார். நாலாம் நாள் லாரியில் சரக்கு வந்தது. அம்மாள் சொன்னபடி வந்து ஒன்றை வாங்கிப் போனார். அதில் முதலாளிக்கு நல்ல லாபம். மீதிப் பதினொன்றும் அலமாரிக்குப் போயின.

விற்றதையெல்லாம் அவர் லாபத்துக்குத்தான் விற்றார். குடி இல்லை, சூதாட்டம் இல்லை. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ரப்பர்த் தோட்டத்து ஜனங்கள் வாசலில் முண்டியடிப்பார்கள். ஆனால் அந்த லாபம் ஒரு மாதம்கூட அவர் பெட்டியில் தங்கியதில்லை. என் கைக்கு வந்து, அடுத்தடுத்த டஜன்களாகத் திரும்பிப் போயிற்று. அலமாரி நிறைந்து, மாடியில் மனைவியும் இரண்டு பெண்களும் படுக்கும் அறையிலும் துணிக்கட்டுகள் ஏறின. அவர் அதைப் பார்த்துப் பூரித்துப் போவார். "எல்லாம் காசுதான் தம்பி. துணியா நிக்குது, அவ்வளவுதான்." நான் தலையாட்டுவேன். டஜனுக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்குகிறவன் வேறு என்ன செய்வான்?

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மறுவருடம், கட்டடத்துக்குச் சொந்தக்காரரான சீனப் பெரியவர் அதை விற்க முடிவு செய்தார். பழக்கத்துக்காக முதலாளியிடமே முதலில் கேட்டார். மூன்று மாதத்துக்குள் முன்பணம் கட்டினால் கடைவீடு அவருக்கே, கட்டாவிட்டால் காலி செய்ய வேண்டும். இத்தனை வருடம் லாபத்தில் ஓடிய கடைக்கு முன்பணம் ஒரு பெரிய விஷயமா என்றுதான் கடைத்தெருவே நினைத்தது. அவரும் அப்படித்தான் நினைத்தார். பெட்டியைத் திறந்து பார்த்தால் முன்பணத்தில் கால்வாசி கூடத் தேறவில்லை. பாதி விலைக்குத் துணிகளை அடுக்கிப் பார்த்தார். யாரோ ஒருவர் எப்போதோ ஒரு முறை கேட்ட நிறத்தை இன்னொருவர் எதற்கு வாங்கப் போகிறார்?

அந்த மாதம் நான் போனபோது நோட்டு வரவில்லை. "கட்டுப் பிரிக்காத சரக்கே எவ்வளவோ கெடக்கு தம்பி. பாதி வெலைக்குக் கம்பெனி திருப்பி எடுத்துக்கிட்டாப் போதும், முன்பணத்தக் கட்டிருவேன். எனக்காக ஒரு வார்த்த பேசிப் பாருங்க." மாடிப்படியில் நின்றுகொண்டிருந்த அவர் மனைவி, "சாப்பிட்டுட்டுப் போங்க தம்பி" என்றார். சாப்பிட்டேன். பேசுகிறேன் என்றும் சொன்னேன்.

அடுத்த மாதம், "கம்பெனியில ஒத்துக்கல முதலாளி" என்றேன். "நீங்க என்ன செய்வீங்க தம்பி. கேட்டீங்களே, அது போதும்" என்றார். தவணை முடிந்ததும் சரக்கையெல்லாம் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுக் கடையைக் காலி செய்தார். அதன்பின் மூவாரில் இன்னொருவர் ஜவுளிக்கடையில் துணி கிழித்துக் கொடுக்கும் வேலைக்குப் போனார். ஐம்பது வயதில்.

இப்போது நான் ஆயர் குரோவில் மகன் வீட்டில் இருக்கிறேன். எப்போதும் கூட்டமாக இருந்த கடையொன்று திடீரென்று மூடிக் கிடந்தால், எப்படியப்பா என்று மகன் கேட்பான். லாபம் வேறு, கையில் இருக்கும் காசு வேறு என்று முதலாளியின் கதையைச் சொல்வேன். பாதியைத்தான் சொல்வேன்.

கம்பெனியில் நான் கேட்கவே இல்லை. சரக்கு திரும்பினால் அதற்கு வாங்கிய கமிஷனைப் பிடித்துக்கொள்வார்கள். எனக்கோ அப்போது கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அந்தக் காசில்தான் தாலி செய்தேன். முதலாளி மூவாரிலிருந்து குடும்பத்தோடு கல்யாணத்துக்கு வந்து, எல்லோரிடமும் நான் அவருக்காகக் கம்பெனியில் போராடியதைச் சொல்லிவிட்டுப் போனார்.