ஓமத் தண்ணீருக்கு ஒரு செம்புச் சுருள்

பழைய தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் சௌந்தரராஜனைத் தெரியாதவர்கள் உண்டு. அவனுடைய சந்தேகத்தைத் தெரியாதவர்கள் கிடையாது. மிளகாய்த் தூள் வாங்கினால் தண்ணீரில் கரைத்துப் பார்ப்பான். தேன் வாங்கினால் தீக்குச்சியை நனைத்துக் கொளுத்திப் பார்ப்பான். பெங்களூரில் பிரிட்ஜ், ஏசி ரிப்பேர் பார்க்கிற வேலை அவனுக்கு. விடிகாலை ரயிலில் போய் இருட்டிய பிறகு திரும்புகிறவன். ரயிலில் யாராவது முறுக்கு நீட்டினால்கூட எந்த எண்ணெயில் சுட்டது என்று கேட்காமல் கைநீட்ட மாட்டான். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தானே வேண்டும்? அவன் மனைவி சுனிதா சிரித்துக்கொண்டே ஏறிக்கொண்டிருந்தாள்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து அவர்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதன்பிறகு அவனுடைய சந்தேகத்துக்குக் கேட்கவா வேண்டும்? தொட்டிலைத் தொடுவதற்கு முன் விருந்தாளிகள் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டியிருந்தது.

குழந்தைக்கு இரண்டு மாதமானபோது வயிற்று உப்புசம் வந்தது. சாயங்காலமானால் காலை மடக்கிக்கொண்டு வீறிட்டு அழும். கணவன் இறந்தபின் தம்பி வீட்டோடு வந்துவிட்ட அக்கா பாக்யலட்சுமிதான் குழந்தையைக் குளிப்பாட்டுவது, சங்கில் மருந்து புகட்டுவது எல்லாம். அவள் கடையில் ஓமத் தண்ணீர் வாங்கிவரச் சொன்னாள்.

“கடையில விக்கிறது ஓமத் தண்ணியாக்கா? எசென்ஸ ஊத்தி ரொப்பறானுங்க. நானே காய்ச்சித் தரேன்.”

“நீ செஞ்சது எது உருப்பட்டுகீது? சுடுதண்ணி மிஷினு செஞ்ச, எனக்கு ஷாக் அடிச்சுது. கொழந்தைய வுட்டுடுப்பா.”

அன்று ராத்திரி அவன் சாப்பிடாமல் படுத்துவிட்டான். அதற்குப் பிறகு அக்கா அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

ஓமத்தைக் கொதிக்கவைத்து, எழும் ஆவியைக் குளிரவைத்துச் சொட்டுச் சொட்டாகப் பிடித்தால் அதுதான் அசல் ஓமத் தண்ணீர். குளிரவைக்கச் செம்புக் குழாயை ஒரு சுருளாகச் சுற்றித் தண்ணீர் நிரம்பிய வாளிக்குள் வைக்க வேண்டும். பிரிட்ஜ் மெக்கானிக்குக் குழாய்க்கா பஞ்சம்? ஒரு ஞாயிற்றுக்கிழமை கொல்லைப்புறத்தில் வேலையை ஆரம்பித்தான். பக்கத்து வீட்டு டென்சில் சுவருக்கு மேலே தலையை நீட்டி, “இன்னா சௌந்தர், சாராயமா? எனக்கு ஒரு குவார்ட்டர் எடுத்து வைப்பா” என்றான்.

சௌந்தரராஜனுக்குச் சிரிக்க நேரமில்லை. எவர்சில்வர் வாளியில் மேலே ஒன்றும் அடியில் ஒன்றுமாக ஓட்டை போட்டான். ஒவ்வொரு ஓட்டையிலும் ஒரு செம்பு வளையம் பொருத்தி, குழாய் நுனிகளை அதில் நுழைத்தான். இணைப்புகளை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, பற்றவைப்பதற்கான பிளக்ஸ் பசையைத் தடவினான். தீயை நேராக, உருக்கி ஒட்டுகிற பற்றுக்கம்பியில் காட்டாமல் செம்பைச் சுற்றிச் சுற்றிச் சூடேற்றினான். செம்பு சூடேறியதும் கம்பியை மெல்லத் தொட்டான். அது உருகி ஓடி விளிம்பைச் சுற்றி மெல்லிய வெள்ளிக் கோடாக நின்றது. வழக்கமான கம்பியில் ஈயம் இருக்கும், குழந்தை குடிக்கிற சாமானில் ஈயம் கூடாது என்று, ஈயமில்லாத கம்பியைப் பெங்களூரில் பத்துக் கடை ஏறி இறங்கி வாங்கி வந்திருந்தான்.

கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாது என்பார்கள். பற்றவைப்பதற்கு முன்பு, சுருளைச் சுற்றும்போதே அது நடந்துவிட்டது. குழாயை வெறுமனே வளைத்தால் மடிந்து நசுங்கிவிடும். உள்ளே பொடிமணலை இறுக நிரப்பி, இரண்டு நுனியையும் அடைத்துவிட்டுச் சுற்ற வேண்டும். அதற்கு மாவு போன்ற காய்ந்த மணல் தேவை. அவன் யோசிக்கவே இல்லை. ஒரு பழைய வாளியை எடுத்துக்கொண்டு போய், வீட்டுக்குப் பின்னாலிருக்கும் சயனைடு மேட்டின் அடியில் அள்ளிக்கொண்டு வந்தான்.

சுரங்கத்தில் கல்லை இடித்து, சயனைடு போட்டுத் தங்கத்தைப் பிரித்துவிட்டுக் கொட்டிய கழிவுதான் அந்த மேடு. பெயரே அப்படி. ஆனால் அதில் சறுக்கி விளையாடி வளர்ந்தவனுக்கு அந்தப் பெயரில் பயம் எங்கே மிச்சமிருக்கும்? காற்றுக் காலத்தில் அந்தத் தூசி சோற்றில் விழும், தட்டிவிட்டுச் சாப்பிடுவார்கள். முறுக்கைச் சந்தேகப்பட்டவன் மூக்குக்கு நேரே நிற்கிற மலையைச் சந்தேகப்படவில்லை. சுற்றி முடித்ததும் மணலைத் தட்டிக் கொட்டி, குழாயில் தண்ணீர் விட்டான். தண்ணீர் தெளிவாக வந்தது. அதோடு மறந்துபோனான்.

ஓமத் தண்ணீரும் வாசனையாகத்தான் வந்தது. தினமும் ஒரு சின்ன பாட்டில் நிரப்பி அக்காவிடம் கொடுப்பான். மறுநாள் பாட்டில் காலியாகியிருக்கும். குழந்தையின் அழுகையும் குறைந்தது. ரயில் முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சுருளில் சொட்டு விழுவது நின்றுபோனது. ஏதோ அடைப்பு என்று நினைத்துத் தீயைக் காட்டிப் பற்றைப் பிரித்தான். ஆறவைத்துச் சுருளைத் தரையில் தட்டினான். லேசாக நசுங்கியிருந்த ஒரு வளைவிலிருந்து ஒரு கட்டி கழன்று அவன் உள்ளங்கையில் விழுந்தது. ஈரமான, வெளுத்த, மாவு மாதிரியான மணல்.

நிமிர்ந்து பார்த்தான். சுவருக்கு அப்பால் மேடு நின்றுகொண்டிருந்தது.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. இத்தனை நாளும் ஒவ்வொரு சொட்டும் இந்த மணலை நனைத்துக்கொண்டுதான் பாட்டிலில் இறங்கியிருக்கிறது. ஒன்பது வருஷம் காத்திருந்து பெற்ற குழந்தைக்குத் தன் கையாலேயே விஷம் வடித்துக் கொடுத்திருக்கிறான். எப்படிச் சமையலறைக்குப் போனான் என்பது அவனுக்கே தெரியாது. சுனிதா குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

கையை விரித்துக் காட்டினான். “சயனைடு மேட்டு மணலு. கொழாயில மாட்டிக்கினு இருந்துகீது. கொழந்தைக்கு எவ்ளோ குடுத்தக்கா?”

சுனிதாவின் முகம் வெளிறியது. குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்துவிட்டாள்.

அக்கா கீரையைக் கீழே வைத்தாள். “கொழந்தைக்கு ஒரு சொட்டுகூட குடுக்கல. பெருங்காயத்த ஒரைச்சி வயித்துல தடவினேன், அவ்ளோதான்.”

சுனிதா அப்படியே சுவரில் சாய்ந்துகொண்டாள். அவனுக்கும் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் ஒன்று புரியவில்லை.

“அப்ப பாட்டிலு எப்டி காலியாச்சு?”

“நான் குடிச்சேன்.”

“தெனமுமா?”

“தெனமும்தான். நீ செய்யற சாமான எப்டி நம்பறது? வேணாம்னு ஒரு வார்த்த சொன்னதுக்கே துன்னாம படுத்துக்கின. அதான் பதினஞ்சு நாளு நான் குடிச்சிப் பாக்கலாம், எனக்கு ஒண்ணும் ஆவலன்னா அப்புறம் கொழந்தைக்குக் குடுக்கலாம்னு இருந்தேன்.”

அக்கா தன்னைக் கேலி செய்வதற்கென்றே பிறந்தவள் என்று இத்தனை வருஷமும் நம்பியிருந்தவன் அவன். கையிலிருந்த மணலை எங்கே போடுவது என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை. அதை அப்படியே கைக்குள் மூடிக்கொண்டு சொன்னான்.

“எந்திரிக்கா. பொடவைய மாத்திக்கினு வா, ஆஸ்பத்திரிக்குப் போலாம்.”

அக்கா அவனை விளங்காமல் பார்த்தாள்.

“ஆஸ்பத்திரி எதுக்கு? கொழந்தைக்குத்தான் ஒண்ணும் இல்லியே.”